முயலுக்குக் காதில் கோளாறா? புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாய்க்குக் காதில் சீழ் பிடித்தால் எந்தத் தெருவிலும் யாராவது ஒரு டாக்டரைக் கைகாட்டிவிடுவார்கள். முயலுக்கோ கினி பன்றிக்கோ வந்தால், "முயலுக்கெல்லாமா வைத்தியம்?" என்ற கேள்விதான் முதலில் வரும். எங்கள் வீட்டு முயல் ஒருநாள் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு வட்டமடிக்க ஆரம்பித்தது. ஒரு மருந்துக்கடையில் நாய்க்குப் போடும் சொட்டு மருந்தை எடுத்து நீட்டினார்கள். ஒரு கிளினிக்கில் வரிசையில் உட்கார வைத்து, எங்கள் முறை வந்த பிறகு "முயல் பார்ப்பதில்லை" என்றார்கள். அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். முதல் மூன்று பகுதிகளை முயல் நன்றாக இருக்கும்போதே படித்துவிடுங்கள்.

1. நல்ல காது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வெளியே தெரிவது காது மடல் மட்டும். மெல்லிய தோல், நிறைய ரத்தக் குழாய்கள். வியர்வையால் உடம்பைக் குளிர்விக்க முடியாத பிராணி என்பதால் முயல் தன் சூட்டைப் பெருமளவு இந்த மடல் வழியாகத்தான் வெளியேற்றுகிறது. ஆகவே கத்திரி வெயில் மதியத்தில் காது சிவந்து சூடாக இருந்தால் உடனே காது நோய் என்று நினைக்க வேண்டாம். வேகமாக மூச்சு வாங்குகிறதா, வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் அது வெப்பத் தாக்கு. மடலின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது.

மடலின் அடியிலிருந்து காதுக் குழாய் நேராகக் கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாக வளைந்து செவிப்பறையில் முடிகிறது. குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே முட்டுச்சந்தாக ஒரு சிறு குழி உண்டு. புதிதாகப் பார்ப்பவர்கள் அதையே காதுக் குழாய் என்று எண்ணிவிடுகிறார்கள். செவிப்பறைக்குப் பின்னால், டாக்டர்கள் 'புல்லா' என்று சொல்லும் எலும்புக் கூட்டுக்குள் நடுக்காது இருக்கிறது. அங்கிருந்து ஒரு குழாய் மூக்கின் பின்பகுதிக்குப் போகிறது. முயலுக்கு நாள்பட்ட சளி இருந்தால் கிருமி இந்த வழியாகவே நடுக்காதுக்கு ஏறிவிடும். வெளிக்காது பளிச்சென்று சுத்தமாக இருக்கும், உள்ளே சீழ் கட்டியிருக்கும். அதற்கும் உள்ளே, உடம்பு நிலைதவறாமல் நிற்க உதவும் உள்காது.

நல்ல காதில் இளமஞ்சள் குறும்பி கொஞ்சம் இருக்கும், வாடை இருக்காது. அதைத் துடைத்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

தொங்குகாது முயல் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். காது மடங்கித் தொங்குவதால் அடிப்பகுதியில் குழாய் நசுங்கிப்போகிறது. குறும்பி வெளியே வர வழியில்லாமல் சேர்ந்து சேர்ந்து, காதின் அடியில் மென்மையான வீக்கமாகத் தள்ளும். பிறகு அதுவே சீழ்க்கட்டியாகும். பார்க்க அழகு என்பதற்காக முதன்முறை வளர்ப்பவர்கள் இந்த இனத்தை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், வாரம் ஒருமுறை இரண்டு காதின் அடியையும் விரலால் மெதுவாகத் தடவி, ஒன்று மற்றதைவிடத் தடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

2. எந்த அறிகுறி எதைக் காட்டுகிறது

காதுக்குள் பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காகப் பொருக்குக் கட்டி, முயல் தலையை உதறிக்கொண்டும் காதைப் பின்னங்காலால் சொறிந்துகொண்டும் இருந்தால் பெரும்பாலும் காதுச் சொறி. சோரோப்டஸ் என்ற உண்ணிப்பூச்சி இதற்குக் காரணம். உதிர்ந்த பொருக்கைக் கறுப்புத் துணியில் தட்டி, நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். பொடிப்பொடியாக வெண்புள்ளிகள் நகர்வது தெரியும். பொருக்கு காதின் ஓரம், மூக்கு நுனி, கால்விரல்களில் இருந்தால் அது வேறு வகைச் சொறி. தூக்குகிற உங்களுக்கும் அரிப்பு வரலாம். வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரை, அதுவும் மனிதருக்குத் தொற்றும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள்.

வாடையோடு சீழ் வந்தால் வெளிக்காது அழற்சி. முயலின் சீழ் நீர்போல ஒழுகாது, பற்பசை பதத்தில் கெட்டியாக இருக்கும். அதனால்தான் மாத்திரை மட்டும் கொடுத்தால் கரைவதில்லை.

தலை சாய்வது, வட்டமடிப்பது, கண்மணி இடவலமாகத் துடிப்பது, உருண்டு விழுவது இவையெல்லாம் நடுக்காது, உள்காது வரை நோய் போய்விட்டதைக் காட்டலாம். என்செஃபாலிட்டோசூன் என்ற ஒட்டுண்ணி மூளையைத் தாக்கினாலும் இதே தோற்றம்தான். பார்வைக்கு இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. முகநரம்பு நடுக்காதை ஒட்டியே போவதால் சில முயல்களுக்கு ஒருபக்க உதடு தொங்கும், கண்ணிமை மூடாது. இமை மூடாத கண் காய்ந்து புண்ணாகிவிடும். இதை டாக்டரிடம் நீங்களே மறக்காமல் சொல்லுங்கள். தலைச் சாய்வைக் கவனிக்கும் அவசரத்தில் கண் தப்பிப்போகும்.

வலியை முயல் காட்டிக்கொள்ளாது. சுருண்டு மூலையில் உட்காருவது, பல்லை நறநறவென்று கடிப்பது, தின்னும்போது பெல்லட்டை (முயலுக்கான குச்சித் தீவனம்) வாயில் எடுத்துக் கீழே போட்டுவிடுவது இவைதான் அடையாளம்.

3. டாக்டர் பார்க்கும் முன் செய்யக் கூடாதவை

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோரையும் படிக்க வையுங்கள். நோயால் வரும் கேட்டைவிட அவசர வைத்தியத்தால் வரும் கேடு அதிகம்.

பொருக்கைப் பிய்க்காதீர்கள். அடியில் தோல் ரணமாக இருக்கும், முயலுக்கு அது தாங்க முடியாத வலி. சரியான ஊசி போட்டால் பொருக்கு தானாகக் காய்ந்து உதிரும். பஞ்சுக் குச்சி உள்ளே விட்டால் குறும்பியை இன்னும் ஆழத்துக்குத் தள்ளுவதுதான் நடக்கும்.

வேப்பெண்ணெய், பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய் ஊற்றச் சொல்லி பெரியவர்கள் அக்கறையோடுதான் சொல்வார்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் ஊற்றியது நேராக நடுக்காதுக்குள் போய்விடும். ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டு மருந்துகளும் அப்படிப் போனால் செவித்திறனையே கெடுக்கும். ஸ்டீராய்டு கலந்த சொட்டுகளும் முயலுக்கு ஆகாது. செவிப்பறை முழுதாக இருக்கிறது என்று கருவி வைத்துப் பார்த்த பிறகுதான் காதில் எதையும் விட வேண்டும்.

நாய்க்கு உண்ணிக்காகப் பிடரியில் விடும் மருந்தில் ஃபிப்ரோனில் என்று எழுதியிருந்தால் அதை முயல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். முயலுக்கு அது விஷம்.

வீட்டில் குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பும் அப்படித்தான். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் ஆகியவற்றை வாய்வழி கொடுத்தால் முயல், கினி பன்றியின் குடலில் நல்ல கிருமிகள் செத்து, கெட்ட கிருமி பெருகி, பிராணியே இறந்துபோகும். இந்தப் பெயர்களை ஒரு சீட்டில் எழுதிக் கூண்டின் மேல் ஒட்டிவையுங்கள். யார் மருந்து எழுதினாலும் கடையில் வாங்கும் முன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

காதுச் சொறிக்கு டாக்டர்கள் போடும் ஐவர்மெக்டின் ஊசி ஆட்டுக்கும் மாட்டுக்கும் போடுவது, கால்நடை மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கும். அதில் 1 மி.லி.க்கு 10 மி.கி. மருந்து இருக்கிறது. கிலோவுக்கு 0.2 மி.கி. என்று டாக்டர் தீர்மானித்தால், 2 கிலோ முயலுக்குத் தேவைப்படுவது 0.04 மி.லி. மட்டும். சாதாரண சிரிஞ்சில் அந்த அளவைக் கண்ணால் பிடிக்கவே முடியாது; தசமப் புள்ளி ஓரிடம் தவறினால் பத்து மடங்கு போய்விடும். அந்த ஊசியை டாக்டர் கையால்தான் போட வேண்டும்.

காதைப் பிடித்துத் தூக்குவதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். ஒரு கை நெஞ்சுக்கடியில், மறு கை பின்புறத்துக்கடியில் இருக்க வேண்டும்.

4. எவ்வளவு அவசரம்?

முயலோ கினி பன்றியோ பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். காது வலியைவிடக் குடல் நின்றுபோவதுதான் உயிரை எடுக்கும். உருண்டு விழுகிற முயலுக்கும் இதே அவசரம். பொருக்கு மட்டும் இருந்து நன்றாகத் தின்றால் இரண்டு மூன்று நாள் தாங்கும். காதடி வீக்கத்தை ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள்.

5. கையில் இருக்க வேண்டிய தாள்களும் பொருட்களும்

சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். நூற்றுக்கணக்கான ரூபாயில் கிடைக்கும். மருந்தெல்லாம் எடைக் கணக்கில்தான். பெரிய ஆஸ்பத்திரித் தராசுகள் ஆடு மாட்டுக்கும் பெரிய நாய்க்கும் ஆனவை, நூறு கிராம் வித்தியாசம் அதில் தெரியாது.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். நான் எழுதிய ஒரு பதிவு இப்படி: "செவ்வாய் காலை 7 மணி. 1.84 கிலோ. இடது காதடி வீக்கம், தொட்டால் பல் கடிக்கிறது. கொத்தமல்லி தின்றது, பெல்லட் தொடவில்லை. புழுக்கை வழக்கத்தில் பாதி, அளவிலும் சிறிது." டாக்டர் இதை வாசித்த பிறகு கேட்ட கேள்விகள் பாதியாகக் குறைந்தன. தலை சாய்வதையும் கண் துடிப்பதையும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை மேசையில் பயந்துபோன முயல் சிலைபோல உட்கார்ந்திருக்கும், ஒன்றும் தெரியாது.

இவற்றோடு பழைய மருந்துச் சீட்டுகள், ஏற்கெனவே கொடுத்த மருந்துகளின் பாட்டில்கள் அல்லது அட்டைகள் (பெயர் மட்டும் போதாது, அளவும் தெரிய வேண்டும்), எக்ஸ்ரே எடுத்திருந்தால் அதன் பிரதி. ஓ.பி. சீட்டுக்கு உங்கள் பெயர், முகவரி, போன் எண், முயலின் வயது, ஆணா பெண்ணா என்பதைக் கேட்பார்கள். வேறு ஊருக்கு அனுப்பினால் ரெஃபரல் கடிதத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அங்கே எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து தொடங்கும்.

6. எங்கே போவது, எப்படிப் போவது

புதுச்சேரியில் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடைக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை என்பதால் பல துறைகள் ஒரே இடத்தில். கடலூர்க்காரர்களுக்கு இது 25 கி.மீ. சுற்றுவட்டத்தில் வந்துவிடும், காலையிலேயே போய்த் திரும்பலாம். சி.டி. ஸ்கேன், பெரிய காது அறுவை சிகிச்சை என்று வந்தால் சென்னையைப் பார்க்க வேண்டியிருக்கும். வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கப்பட்டது. புதுச்சேரியிலிருந்து சுமார் 150 கி.மீ.

எங்கே போனாலும் முதலில் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். முயல் பார்க்கும் டாக்டர் இன்று இருக்கிறாரா? காது பார்க்கும் ஓட்டோஸ்கோப் உண்டா? மயக்கம் கொடுக்க நேர்ந்தால் முயலுக்கு ஐசோஃப்ளுரேன் வாயு கொடுக்கும் வசதி இருக்கிறதா?

கடலூரிலிருந்து வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆகஸ்ட் 16, நவம்பர் 1 ஆகிய இரண்டும் புதுச்சேரியில் அரசு விடுமுறை. தமிழ்நாட்டுக் காலண்டரில் சாதாரண வேலை நாளாக இருக்கும், இங்கே வந்து பார்த்தால் ஓ.பி. இருக்காது.

வெயில் ஏறும் முன் கிளம்புங்கள். அட்டைப்பெட்டி வேண்டாம், காற்றோட்டமுள்ள கெட்டியான கூடையில் அடியில் துண்டு விரியுங்கள், வழுக்கும் தரையில் தலை சாய்ந்த முயலால் நிற்க முடியாது. கோடையில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வைக்கலாம். ஜோடியாக வளரும் முயல் என்றால் இரண்டையும் கொண்டுபோங்கள். காத்திருக்கும் இடத்தில் நாய்கள் இருக்கும், கூடையை மூடி மர நிழலில் உட்காருங்கள். தின்ன புல் எப்போதும் கூடையில் இருக்கட்டும்.

7. பரிசோதனை மேசையில்

இரண்டு காதையும் பார்க்கச் சொல்லுங்கள். பொருக்கை எண்ணெய்த் துளியில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பூச்சி உண்டா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். சீழ் இருந்தால் மருந்து தொடங்கும் முன் கல்ச்சர் பரிசோதனைக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்ப்பது) எடுக்கச் சொல்லுங்கள். முடிவு வர சில நாள் ஆகும், ஆனால் வாரக்கணக்கில் தவறான ஆன்டிபயாட்டிக் கொடுப்பதை அது தவிர்க்கும். பாஸ்சுரெல்லா, ஸ்டஃபிலோகாக்கஸ், சூடோமோனாஸ் மூன்றுமே முயல் காதில் வரக்கூடிய கிருமிகள், மூன்றுக்கும் ஒரே மருந்து கேட்காது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நடுக்காது நன்றாக இருக்கிறது என்று பொருள் கொள்ளாதீர்கள். புல்லாவுக்குள் இருக்கும் சீழ் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தப்பிவிடும். சி.டி.தான் தெளிவாகக் காட்டும். அதனால் தலை சாய்ந்த முயலுக்கு டாக்டர் காதுக்கான ஆன்டிபயாட்டிக்கோடு, ஒட்டுண்ணிக்கான ஃபென்பெண்டசோலை 28 நாளுக்குச் சேர்த்தே எழுதினால் குழம்ப வேண்டாம். இரண்டு வாய்ப்பையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறார்.

மயக்கம் கொடுத்துக் காது கழுவ வேண்டும் என்றால், "இரவு முழுக்கப் பட்டினி போடுங்கள்" என்று யாராவது சொன்னால் டாக்டரிடமே மறுபடி கேளுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது, நாயைப்போல வயிற்றைக் காயப்போடத் தேவையில்லை. நீண்ட பட்டினி குடலை நிறுத்திவிடும்.

8. செலவு

என் கைக்காசு போன அளவை வைத்துச் சொல்கிறேன், உங்களுக்குக் கூடலாம் குறையலாம். அரசு, கல்லூரி மருத்துவமனைகளில் சீட்டுக்கட்டணம் பொருட்டே இல்லை, போக்குவரத்துதான் செலவு. தனியார் கிளினிக்கில் ஒருமுறை பார்க்கச் சில நூறு. காதுச் சொறிக்கு எல்லா ஊசியும் சேர்ந்தே ஆயிரத்தைச் சுற்றி முடிந்துவிடும். எக்ஸ்ரே, கல்ச்சர், மயக்கம் கொடுத்துக் கழுவுதல் என்று போனால் ஆயிரங்களில் ஏறும். சென்னையில் தனியாரிடம் சி.டி.யும் அறுவை சிகிச்சையும் என்றால் பத்தாயிரங்களில் யோசிக்க வேண்டும். மயக்கம் கொடுக்கும் முன் உத்தேச மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். எந்தத் தொகை வரை உங்களால் முடியும் என்பதைத் தயங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கேற்ற வழியை அவர் யோசிப்பார்.

9. வீட்டில் மருந்தும் கால அளவும்

சீட்டில் மருந்தின் பெயரோடு 1 மி.லி.யில் எத்தனை மி.கி. என்பதும், ஒரு வேளைக்கு எத்தனை மி.லி. என்பதும் இருக்க வேண்டும். வலிக்கான மெலாக்சிகாம் சிரப் பல அடர்த்திகளில் வருகிறது, கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் அளவே மாறிவிடும். வாய்வழி மருந்தை 1 மி.லி. சிரிஞ்சில் எடுத்து, முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டில் விடுங்கள். மல்லாத்திப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

காதுச் சொறிக்கு 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று தடவை ஊசி. முதல் ஊசியிலேயே காது சுத்தமாகிவிட்டதுபோல் தெரியும், அதை நம்பி நிறுத்தினால் முட்டையிலிருந்து வந்தவை மறுபடி பெருகும். நடுக்காது அழற்சிக்கு நான்கு முதல் ஆறு வாரம் மருந்து, சில சமயம் அதற்கும் மேல். சாய்ந்த தலை முழுவதும் நிமிராமலே போகலாம். அப்படியும் நன்றாகத் தின்று, ஓடி, பல ஆண்டு வாழும் முயல்கள் உண்டு. தலை நிமிரவில்லை என்பதற்காக மட்டும் கருணைக்கொலைக்குச் சம்மதிக்காதீர்கள்.

உருளுகிற முயலைச் சிறிய இடத்தில் வைத்து நான்கு பக்கமும் துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுங்கள். அருகம்புல், முள்ளங்கிக் கீரை, கொத்தமல்லியை வாய்க்கருகே நீட்டுங்கள். தானாகத் தின்னாவிட்டால் பெல்லட்டை வெந்நீரில் ஊறவைத்துக் குழைத்து, ஆறிய பிறகு டாக்டர் சொன்ன அளவில் சிரிஞ்சால் கொடுக்க வேண்டும். இரவிலும் எழுந்து கொடுக்க வேண்டியிருக்கும். வீட்டில் இரண்டு பேர் முறை வைத்துக்கொண்டால்தான் முடியும்.

10. கினி பன்றி, வெள்ளெலி, எலி

கினி பன்றியின் காதுக்குப் பின்னால் முடியில்லாத வழுக்கை இயல்பானது, நோய் இல்லை. அதற்குத் தலை சாய்ந்தால் பெரும்பாலும் சளியிலிருந்து ஏறிய நடுக்காது அழற்சி. தின்பது குறையும்போது வைட்டமின் சி-யும் குறைந்துபோகும், அதன் உடம்பால் அதைத் தயாரிக்க முடியாது. டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். வெள்ளெலிக்கு (ஹாம்ஸ்டர்) காது ஓரத்திலும் மூக்கிலும் பொருக்கு வந்தால் சொறிப்பூச்சி. வளர்ப்பு எலிக்கு மைக்கோபிளாஸ்மா கிருமியால் மூச்சுக் கோளாறும் தலைச் சாய்வும் சேர்ந்தே வரும். இவற்றின் எடை மிகக் குறைவு என்பதால் முயலுக்கு எழுதிய மருந்தை "கொஞ்சமாக" என்று பங்கிட்டுக் கொடுக்கவே கூடாது.

வயல் வரப்பில் கிடைத்த காட்டு முயல் குட்டியைக் காதில் புண் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்க்கக் கூடாது. வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

11. கூண்டைச் சுத்தம் செய்தல்

காதுச் சொறிப் பூச்சி முயல் உடம்பை விட்டு வெளியே மூன்று வாரம் வரைகூட உயிரோடு இருக்கும். ஆகவே கூடவே வளரும் எல்லா முயலுக்கும், அறிகுறி இல்லாவிட்டாலும், ஒரே நாளில் மருந்து தொடங்க வேண்டும். சாக்கு, பழைய துணி, மரப்பெட்டி ஆகியவற்றைத் தூக்கி எறிந்துவிடுங்கள். கம்பிக் கூண்டைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் காயவிட்டு, ஒவ்வொரு ஊசி நாளிலும் இதைத் திரும்பச் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயில் கிடைக்காது என்பதால் அந்த மாதங்களில் மாற்றுக் கூண்டு ஒன்றை இரவல் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்து ஒருமுறை போய், காதிலிருந்து எடுத்ததை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். அதில் பூச்சியோ முட்டையோ இல்லை என்று வந்த பிறகே புது முயலை வீட்டுக்குள் கொண்டுவரலாம்.